பச்சை நூல் கட்டிய குப்பி

பிளாரன்ஸ் படியேறி வந்த வேகத்தில் மாடிக் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

“சார், என்னைய போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப் போறாவளாம்! நான் விஷம் வித்தேனாம்!”

கிருபாநிதி செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து, கள்ளச் சரக்கைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எவருக்காவது ஒரு முடிச்சு விழுந்தால், அவிழ்க்க இந்த மாடிக்குத்தான் வருவார்கள். கீழ்வீட்டில் குடியிருந்த மரியசெல்விக்கு அதுதான் கொண்டாட்டம். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடிப்பவள், லீவு விட்டால் போதும், “ஏதாவது கேஸ் உண்டா சார்?” என்று மேலே வந்துவிடுவாள். இன்று கேஸே அழுதுகொண்டு ஏறி வந்திருந்தது.

“உக்காரு பிளாரன்ஸ். மரியசெல்வி, தண்ணி குடும்மா. மொதல்ல இருந்து சொல்லு.”

பிளாரன்ஸின் கணவன் தோணியில் சரக்கேற்றி மாலத்தீவு போய் வருகிறவன். காற்று பலத்துத் தோணி ஓடாத மாதங்களில் வீட்டில் உலை கொதிப்பது அவள் கைத்திறனால்தான். தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர் மூன்றையும் பக்குவமாகச் சேர்த்துக் கடைந்து வெள்ளைக் கிரீம் செய்வாள். ஒரு குப்பியின் விலை இரண்டு முழம் மல்லிகைப் பூவைத் தாண்டாது.

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு உப்புநீரில் நின்று நின்று கைகள் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அவர்கள் சங்கம் எல்லோருக்கும் ஒரே கிரீமாக வாங்கிக் கொடுக்க நினைத்தது. கடைத்தெருவில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் தாணுலிங்கம் ‘லேடி பேர்லினா’ என்ற கிரீமோடு வந்தார். கடை வாசலில் அதற்கென்றே ஒரு போர்டு உண்டு: ‘லண்டன் சரக்கு. அசல் முத்துப் பொடி. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது.’ விலையைக் கேட்டால் கிறுகிறுத்துவிடும். எது நல்லது என்று போட்டி வைத்துப் பார்க்கலாம் என்றார் சங்கச் செயலாளர் கிளாடிஸ் டீச்சர்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மாரி குப்பி, சார். என் குப்பிக்குச் செவப்பு நூலு, அண்ணாச்சி குப்பிக்குப் பச்சை நூலு. டீச்சர் தன் கையாலயே கட்டுனாவ. செவப்பை எடது கையில பூசணும், பச்சையை வலது கையில. ஒரு வாரம் கழிச்சு இன்னைக்கு கோயில் மண்டபத்துல எல்லாரும் கையை நீட்டுனாவ...” பிளாரன்ஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வலது கை சங்கு மாரி வழுவழுன்னு இருக்கு. எடது கை வெந்து கெடக்கு சார்!”

“கிரீம்ல புதுசா ஏதாவது சேத்தியா?”

“மாதா மேல சத்தியமா இல்ல. அன்னைக்கு அடுப்புல இருந்து எறக்குனதுல மிச்சத்தை என் மவ மூஞ்சியிலயும் பூசுனேன். அவளுக்கு ஒண்ணுமே ஆவலியே! தாணுலிங்கம் அண்ணாச்சி நாளைக்குச் சங்கக் கூட்டத்துல என்னையத் திருவிழாச் சந்தையிலயே கடை போட விடக்கூடாதுன்னு தீர்மானம் போடச் சொல்லுதாவ.”

“யாரோ உங்க குப்பியில எதையோ கலந்துட்டாவ அக்கா!” மரியசெல்வி துள்ளி எழுந்தாள். சொல்லும்போதே அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு. அவளே இரண்டு மாதமாக ரகசியமாய் பேர்லினாதான் பூசி வருகிறாள். அதை பிளாரன்ஸின் அழுத முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

“இருக்கலாம்,” என்றார் கிருபாநிதி. “ஆனா ஊரே எடது கையைப் பாத்துக்கிட்டு இருக்கு. நாம வலது கையைப் பாப்போம்.”

ஆடி வெயிலில் உப்பளம் கண்ணைப் பறித்தது. வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். தூரத்தில் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள். மரியசெல்விக்குக் கன்னம் திகுதிகுவென்று எரிந்தது. பாழாய்ப்போன வெயில் என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொட்டகை நிழலில் கிளாடிஸ் டீச்சர் பெண்களின் இடது கைகளுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கிருபாநிதி ஆறுமுகத்தாய் என்பவளின் வலது கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பு ஆறி, தோல் பளபளத்தது.

“பச்சை நூல் கிரீம் நல்லா கேக்குதோ, ஆறுமுகத்தாய்?”

“நல்லாத்தான் கேக்கு. ஆனா மத்தியானம் ஆச்சுன்னா நெய் மாரி எளகி வழியும் சார். அந்தச் செவப்பு நூலு அப்பிடியே கெடக்கும். எளகவே எளகாது.”

கிருபாநிதி இரண்டு குப்பிகளையும் வாங்கி, கழுத்தில் கட்டியிருந்த நூலைக் கண்ணுக்கருகில் கொண்டுபோனார். முடிச்சுக்கு மேல் நூல் முனை பிசிறு பிசிறாகச் சிலும்பியிருந்தது.

“டீச்சர், நீங்க நூலை எதால வெட்டுவீங்க?”

“கத்தரிக்கோலாலதான். தையல் கிளாஸ் எடுக்கிறவளுக்கு வேற என்ன?” கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்தே காட்டினார் டீச்சர்.

“கட்டினதும் குப்பியெல்லாம் எங்க இருந்துச்சு?”

“மண்டபத்துல பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். சாவி என் கழுத்துச் சங்கிலியிலயே கிடந்தது. வண்டிக்காரன் சுடலைமாடன் வண்டியில பெட்டி இங்க வந்தப்பவும் நான் கூடவே வந்தேன்.”

“கட்டினதுக்கும் பூட்டினதுக்கும் நடுவுல?”

டீச்சர் யோசித்தார். “தாணுலிங்கம் அண்ணாச்சி கலர் சோடா வாங்கித் தந்தாங்க. புழுக்கமா இருக்கு, வெளிய காத்துல நின்னு குடிங்கன்னாங்க. குடிச்சிட்டு வந்து பூட்டினேன். அவ்வளவுதான்.”

திரும்பும் வழியெல்லாம் மரியசெல்வி பொரிந்து தள்ளினாள். “சுடலைமாடன்தான் சார்! போன மாசம் வண்டி வாடகைக்காக பிளாரன்ஸ் அக்காகூட சண்டை போட்டான். அவன்தான் எதையோ கலந்திருப்பான்!”

“பூட்டுன பெட்டிக்குள்ள எப்பிடிக் கலப்பான்? பக்கத்துல டீச்சர் வேற.” கிருபாநிதி சிரித்தார். “யாரும் எதையும் கலக்கல மரியசெல்வி. நாளைக்கு மீன் கம்பெனியில சொல்லி ஒரு வாளி ஐஸ் கொண்டு வா.”

“ஐஸா? எதுக்கு சார்?”

“நீயே பாப்ப.”

மறுநாள் மாலை கோயில் மண்டபம் நிரம்பி வழிந்தது. உப்பளப் பெண்கள் தரையில் அமர்ந்திருந்தார்கள். பிளாரன்ஸ் தூணோரம் தலைகுனிந்து நின்றாள். முன்வரிசையில் சலவை வேட்டியில் தாணுலிங்கம். மரியசெல்வி ஐஸ் வாளியை மேசைமேல் தூக்கி வைத்தாள்.

“அண்ணாச்சி,” கிருபாநிதி மரியாதையாக ஆரம்பித்தார், “ஜெயிச்ச குப்பியைச் சங்கத் தலைவிக்கு உங்க கையாலயே பொட்டலம் கட்டிக் குடுங்க. பேப்பர் இருக்கு, நூல்கண்டு இருக்கு, கத்தரியும் இருக்கு.”

தாணுலிங்கத்துக்கு முகமெல்லாம் பல். பச்சை நூல் குப்பியைக் காகிதத்தில் சுற்றினார். நூலை இழுத்து இரண்டு சுற்று சுற்றி, சுருக்குப் போட்டு, விரலில் வளைத்து வெடுக்கென்று இழுத்தார். ‘டப்’பென்று அறுந்தது நூல். கத்தரி தொடப்படாமல் அப்படியே கிடந்தது.

“நன்றி. இந்தக் கிரீம்ல எண்ணெய் உண்டுங்களா?”

“ஒரு சொட்டு கிடையாது. ஊருக்கே தெரியுமே!”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?” கிருபாநிதி பொட்டலத்தைப் பிரித்து, பச்சை நூல் குப்பியையும் சிவப்பு நூல் குப்பியையும் ஐஸுக்குள் அழுத்திப் புதைத்தார். சிறிது நேரம் கழித்து இரண்டையும் எடுத்துத் துடைத்து, ஒரு கரண்டியை ஆறுமுகத்தாயிடம் நீட்டினார். “செவப்பைக் குத்திப் பாரு.”

கரண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது.

“இப்போ பச்சை.”

ஆறுமுகத்தாய் குத்தினாள். ‘ணங்’கென்றது. மறுபடி குத்தினாள். “கல்லு மாரி உறைஞ்சு போச்சு சார்!”

“மார்கழிக் குளிர்ல எது இப்பிடி உறையும்?”

“தேங்காண்ண!” பத்துப் பதினைந்து குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன.

மரியசெல்வி பச்சை நூல் குப்பியைக் கையில் எடுத்தாள். “சார்! அப்போ பச்சை நூல் கட்டியிருக்கறது...”

“பிளாரன்ஸ் செஞ்ச கிரீம். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாத பேர்லினா உறையாது. வெயில்ல நெய்யா எளகவும் செய்யாது. ஆறுமுகத்தாய் அதை நேத்தே சொல்லிட்டா. நாமதான் காதுல வாங்கல. கிரீம் மாறல. நூல்தான் மாறியிருக்கு. டீச்சர் கலர் குடிச்ச நேரத்துல யாரோ பழைய நூலை அறுத்துட்டு, செவப்பு இருந்த இடத்துல பச்சையும் பச்சை இருந்த இடத்துல செவப்பும் கட்டியிருக்காங்க. டீச்சர் கத்தரியால வெட்டுனா முனை வழுவழுன்னு இருக்கணும். இதுல பாருங்க, பிசிறு. சுருக்கு முடிச்சு வேற.” இப்போது தாணுலிங்கம் அறுத்த நூலைப் பக்கத்தில் வைத்தார். அதே பிசிறு. அதே சுருக்கு.

தாணுலிங்கம் எழுந்தார். “இது அபாண்டம்! என் சரக்கு நல்ல சரக்கு. நான் எதுக்கு நூலை மாத்தணும்?”

“உங்க கிரீம் தோலை வேக வைக்கும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும். கடைக்கு வந்து யாராவது சொல்லியிருப்பாங்க.”

“ஒருத்தர் சொல்லட்டும் பாப்போம்!”

கிருபாநிதி யாரையும் பார்க்கவில்லை. ஆனால் மரியசெல்விக்குப் புரிந்துவிட்டது. பவுடருக்குக் கீழே அவள் கன்னம் எரிந்துகொண்டிருந்தது. வெயில் என்று எத்தனை நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்! முந்தானையை ஐஸ் வாளித் தண்ணீரில் நனைத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். இரண்டு கன்னத்திலும் செக்கச் செவேலென்று தடிப்பு, உப்பளப் பெண்களின் இடது கையில் இருந்த அதே தடிப்பு.

“நான் சொல்லுதேன்,” என்றாள் உரக்க. “ரெண்டு மாசமா நான் பூசுதது அண்ணாச்சி கடை பேர்லினாதான்.”

“எனக்கும் இதே கதிதான்!” என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். “நான் திருப்பிக் கொண்டு போய்க் குடுத்தேன். கம்ப்ளெய்ன்ட் நீ ஒருத்திதான் சொல்லுதன்னு வெரட்டுனாவ!” இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் இன்னொருத்தி.

தாணுலிங்கம் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். “லண்டன் லேபிளை நம்பி மொத்தமா வாங்கிட்டேன் சார். சரக்கு தேங்கிக் கெடக்கு. போட்டியில ஜெயிச்சா வித்துப் போவும்னு நெனச்சேன். கை வெந்து போவும்னு நெனைக்கல.”

“கையை மட்டுமா வேக வச்சீங்க?” கிளாடிஸ் டீச்சர் எழுந்து நின்றார். “இவ பேரையும்ல!” பெண்கள் பக்கம் திரும்பினார். “தீர்மானம் போட வேண்டியதுதான். ஜெயிச்சது பிளாரன்ஸ் கிரீம். அந்த பேர்லினாவை இன்னைக்கே கடையில இருந்து எறக்கணும். எல்லார் கை வைத்தியத்துக்கும் அண்ணாச்சிதான் பொறுப்பு.”

கைதட்டலில் மண்டபத்துப் புறாக்கள் படபடத்துப் பறந்தன. ஆறுமுகத்தாய் உறைந்துகிடந்த கிரீமை உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, வெந்திருந்த இடது கையில் மெல்லத் தடவினாள். “ஏ பிளாரன்ஸு, குளுகுளுன்னு இருக்குளா!” என்றதும் மற்றவர்களும் மீதமிருந்த பச்சை நூல் குப்பிகளை மொய்த்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் காலி.

பிளாரன்ஸ் தூணைவிட்டு அசையாமல் வெறும் குப்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று மரியசெல்வி அவள் தோளைப் பிடித்தாள். பிளாரன்ஸோ அந்தக் கையைத் தட்டிவிட்டு முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

“ஏளா, என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்க? செக்கு மூடுறதுக்குள்ள எண்ணெய் வாங்கணும், ஓடு! நான் போய் அடுப்பைப் பத்த வைக்கேன்!”

மரியசெல்வி செருப்பைக்கூடத் தேடாமல் வெறுங்காலோடு செக்குக்கு ஓடினாள்.