ஓரத்தில் அறுந்தவை

இடது முன்கையில் தைத்திருந்த கூழ்த்தோல், கூழில் வார்த்த செயற்கைத் தோல், ஒருமுறை 'டக்' என்றது. நகத்தை நகத்தால் சுண்டியதுபோல, அவ்வளவுதான். டாக்டர் குபெல்கா குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் தன் சமன்பாட்டையே சந்தேகித்ததாகிவிடுமே.

பன்னிரண்டு வருடம் தாங்கும் என்று அந்தச் சமன்பாடு சொல்லியிருந்தது. ஊருக்கு அதைக் காட்டத்தான் தீப்பட்ட தன் கையிலேயே முதல் ஒட்டுத்தோலைத் தைத்துக்கொண்டார் மகா அறிவாளி.

செக் நாட்டு பிர்னோ நகரில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்தில், எவ்வளவு தாங்கும் என்று பார்க்க அந்தத் தோலின் பட்டைகளை இயந்திரக் கவ்வியில் மாட்டி இழுத்து அறுப்பது உதவியாளர் லிபுஷேயின் வேலை. பட்டை நடுவில் அறுந்தால் கணக்கில் சேரும். கவ்வி பிடித்த ஓரத்தில் அறுந்தால் மாட்டியது கோணல் என்று குப்பைக்குப் போகும். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம்.

"நூத்துக்கு முப்பத்தெட்டு ஓரத்துலதான் போச்சு டாக்டர். எழுதிடவா?"

"எழுதுங்க. உங்களுக்கு மாட்டத் தெரியலன்னு எழுதுங்க."

"உங்க கையில தையல் போட்ட இடமும் ஓரந்தானே?"

"நீங்க இழுங்கம்மா. யோசிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

லிபுஷே முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீர் வைக்கப் போனாள்.

குளிர்கால நாலு மணிக்கே ஜன்னல் கறுத்திருந்தது. கீழே டிராம் வண்டி வளைவில் அரைத்துக்கொண்டு போனது. அது போன பிறகும், ஈரக்கூழின் புளித்த வாடைக்கு நடுவே, அந்த அரைப்பு மட்டும் எங்கோ மிக அருகில், சட்டைத் துணிக்கு அடியில், மெல்ல நடந்துகொண்டிருந்தது.

சட்டைக் கையைச் சுருட்டினார். தையலோரம் மயிரிழை அளவில் ஒரு கீறல். அளந்தார். மூன்று மில்லிமீட்டர். கணினியில் போட்டுப் பார்த்தார். இந்த நீளத்தில் நின்றுவிடும் என்றது.

மறுபடி அளந்தார். ஒன்பது.

தையலைத் தாண்டாது என்று சொல்லிக்கொண்டார். கணக்கில் தையலுக்கு அப்பால் எதுவுமே வரையவில்லை. வெறும் காகிதம்.

தாண்டியது. அவருடைய சொந்தத் தோலில். வலி இல்லை. ரத்தம் இல்லை. முழங்கை மச்சம் இரண்டாகப் பிரிந்தது. தோள். கழுத்து.

"லிபுஷே."

அந்தப் பெயரைச் சொல்ல வாய் அசைந்ததில் கீறல் இன்னும் ஒரு விரல் ஏறியது.

தேநீரோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள். "பேசாதீங்க டாக்டர்," என்றாள் மெதுவாக. "இழுக்குது."

பேசவில்லை. மூச்சுகூட விடவில்லை. கறுத்த ஜன்னலில் தன் முகத்தைப் பார்த்தார். இறுக மூடிய உதட்டுக்குக் கீழே, தாடையில், வழவழப்பாக, அவசரமில்லாமல், ஒன்று திறந்துகொண்டிருந்தது. உள்ளே சிவப்பு இல்லை. அவருக்குப் பின்னால் எரிந்த விளக்கு அதன் வழியே தெரிந்தது.