தேயாத வட்டம்

பல் தேய்த்து முடித்ததும் டைட்டனில் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் செங்கோடனும் அன்று காலை செய்தார். இரவெல்லாம் கிண்ணத்தில் கிடந்த நினைவுத்தட்டை எடுத்துத் துடைத்து, காதுக்குப் பின்னால் ஊசி பொருத்தியிருந்த பிளவில் சொருகினார். வழக்கமாக நேற்றைய நாள் இளஞ்சூடாக மண்டைக்குள் இறங்கும். அன்று 'கறக்' என்று ஒரு சத்தம் வந்ததோடு சரி.

சனிக்கோளின் அந்த நிலவில் குடியேறியதிலிருந்தே மனிதர்கள் ஞாபகங்களைத் தலையில் சுமப்பதை விட்டுவிட்டார்கள். பெயர், வீடு, உறவு என்று மேலோட்டமான சங்கதிகள் மட்டும் மூளையில். மிச்சமெல்லாம் தட்டில். பாவாத்தாள் என்றொரு மனைவி இருந்ததும், போன வருடம் இறந்ததும் செங்கோடனுக்குத் தெரிந்தது. அவள் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். வரவில்லை. சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் பேருந்து பிடித்துத் தட்டு மீட்பகத்துக்கு ஓடினார்.

வழியெல்லாம் மீத்தேன் மழை. அங்கே மழைக்கு அவசரமே கிடையாது. பெரிய பெரிய துளிகள் ஆரஞ்சு வானத்திலிருந்து, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி வந்து பேருந்தின் கண்ணாடிக் கூரையில் உட்கார்ந்தன. குரல் இல்லாத ஒரு முகம் அவர் கூடவே வந்தது.

மீட்பகம் நடத்தும் ஜெசிந்தா தட்டைப் பிரித்து உருப்பெருக்கியின் கீழே வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, வெளிவட்டத்த இப்படிப் போட்டுத் தேச்சிருக்கீங்க? ஊசி இங்கயேதான் சுத்தியிருக்குது."

"அதுல என்ன இருந்துச்சு?"

"உங்க பங்காளி பொன்னுச்சாமியோட சண்டைன்னு பட்டியல்ல இருக்குதுங்க. பொழுதன்னிக்கும் அதையே ஓட்டிப் பாத்திருக்கீங்க. எல்லாம் பொடியாப் போச்சு."

"அது கெடக்குது அம்மிணி. பாவாத்தா குரல் இருக்குதான்னு பாரு. அதுவும் போச்சுன்னா நான் எதுக்கு இருக்கோணும்?"

ஜெசிந்தா உள்வட்டத்துக்கு விளக்கை நகர்த்தினாள்.

"ஒரு கீறல் இல்லீங். புதுசாட்டப் பளபளங்குது."

"அதெப்படி?"

அவள் தயங்கினாள். "ஊசி பட்டாத்தானுங்க தேயும்."

பாவாத்தாள் நிலவின் மறுபக்கத்தில், செடி வளர்க்கும் பசுங்கூடத்தில் வேலை பார்த்தவள். தினமும் சாப்பாட்டு வேளையில் ஒரு குரல்கடிதம் அனுப்புவாள். 'ராத்திரி கேட்டுக்கறேன்' என்று இவர் பதில் போடுவார். அந்தப் பதில்களும் உள்வட்டத்தில் கடிதங்களுக்குப் பக்கத்திலேயே பத்திரமாக இருந்தன. ஒரு கடிதத்தைக்கூட அவர் திறந்ததில்லை.

செங்கோடன் அழுதார். கண்ணீரும் அங்கே மெதுவாகத்தான் இறங்கும். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து அவரைப் பிழிந்தன.

"ஒண்ணு போடட்டுங்களா? ஒருக்காக் கேட்டா ஒண்ணும் ஆவாதுங்க."

"வேண்டாம், வேண்டாம்! மொதல்ல மூணு படி எடு. இத அவசரத்துல கேக்கப்படாது அம்மிணி. ஒரு நாள் நிதானமா உக்காந்து கேட்டுக்கறேன்."

ஜெசிந்தா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூன்று படிகளையும் இரும்புச் சிமிழில் போட்டு மூடி, அவர் காதுக்குப் பின்னால் புதிய தட்டொன்றைப் பொருத்தி அனுப்பினாள்.

திரும்பும் பேருந்தில் சிமிழைச் சட்டைப் பையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மழை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. மனசு லேசாக, மிதக்கிற மாதிரி இருந்தது. ஏதோ ஒன்று குறைகிற மாதிரியும் இருந்தது. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. பொன்னுச்சாமியை அழைத்தார்.

"டேய், நமக்குள்ள எதுக்குடா சண்டை?"

எதிர்முனையில் திகைப்பு. "மறந்துட்டியா? மறப்பியா நீ? நடுவீட்டுல, அத்தன பேரு முன்னால என்ன சொன்னே தெரியுமா..."

"இரு, இரு." செங்கோடன் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தார். "மொதல்ல இருந்து சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

புதிய தட்டின் முதல் வட்டத்தில் ஊசி சுழலத் தொடங்கியது.