சின்ன பட்டன்

செத்துப்போனவன் திரையில் சிரித்துக்கொண்டிருந்தான்.

கேமராமேன் நெட்டை. போன வாரம் தன் வீட்டு மாடிப்படியில் உருண்டு, கழுத்து முறிந்து கிடந்தவன். கால் வழுக்கிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவன் எடுப்பதை வெட்டி ஒட்டும் எடிட்டர் பெண்ணுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. கனத்த கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு மதில்மேல் நடக்கிறவன்... சொந்த வீட்டுப் படியிலா வழுக்குவான்?

அவன் கடைசியாக எடுத்த வீடியோ அவளிடம்தான் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் கடைக்கான விளம்பரம். சாவதற்கு முந்தின நாள் போனில் கூப்பிட்டிருந்தான்.

"மேடம், கடைக்குள்ள ஒரு கண்ணாடி அலமாரி வரும். அதுல பின்னாடி என்ன தெரியுதுன்னு பெருசு பண்ணிப் பாருங்க. நல்ல வேடிக்கை."

அந்த ஷாட்டைத்தான் கம்ப்யூட்டர் காட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது!

நெட்டை கேமராவைத் தன் பக்கம் பிடித்துச் சிரிப்பான். கேமரா திரும்பும். கண்ணாடி அலமாரி ஓரமாக எட்டிப்பார்க்கும்... சட்டென்று திரை முழுக்கப் பச்சைக் கோடுகள். அப்புறம் கும்மிருட்டு.

சில நாள் அதோடு விடும். சில நாள் பெட்டியே பொத்தென்று அணைந்துபோகும்.

அவளே கோத்த கம்ப்யூட்டர் அது. ஒவ்வொரு பாகமாக வாங்கி, மேஜைமேல் பரப்பி, நெட்டையை டார்ச் பிடிக்கச் சொல்லித் திருகித் திருகிச் சேர்த்தது. அதனால் விடவில்லை. கேபிளை மாற்றினாள். பக்கத்து வீட்டு மானிட்டரை இரவல் வாங்கி மாட்டினாள். மெமரியைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகினாள். ஊஹும்!

ஒன்று மட்டும் தெரிந்தது. திரை இருண்ட பிறகும் ஹெட்செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, பெட்டி சாகவில்லை. படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டுதான் மக்கர் பண்ணுகிறது.

கார்டு வாங்கியது விளம்பரத்தில் வரும் அதே கடையிலேதான். போன் செய்தாள். கடை முதலாளியே எடுத்தார். எந்த வீடியோ, எந்த இடத்தில் நிற்கிறது என்று விலாவாரியாகக் கேட்டுக்கொண்டார்.

"மெக்கானிக் லீவும்மா. நானே வந்து பாக்கறேன். வீடு எங்க? நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை."

வழி சொன்னாள்.

பட்டப்பகலில் வந்தார். கனத்த உடம்பு, தேன் ஒழுகும் வாய். விற்கத் தெரிந்த அளவுக்குக் கோக்கத் தெரியாதவர் என்று நெட்டை கிண்டல் செய்வான். படியேறி மூச்சு வாங்கினார். வீடு கச்சிதம் என்றார். நெட்டை தங்கமான பையன் என்று உச்சுக் கொட்டினார். பிறகு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டிக் கம்ப்யூட்டரை ஆன் செய்தார்.

அவள் ரத்தம் உறைந்தது!

பெட்டியின் முகப்பில் இரண்டு பட்டன்கள். மேலே பெரிதாக, வட்டமாக ஒன்று. அதை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கோக்கும்போது மயிரிழை ஒயர்கள் இரண்டை அவள் இடம் மாற்றிச் செருகிவிட்டாள். பிரித்துத் திருத்தச் சோம்பல். அதனால் கீழே இருக்கும் சின்ன பட்டனை அழுத்தினால்தான் பெட்டி உயிர் பெறும். புதிதாக வருகிற யாரும் பெரியதை அழுத்திவிட்டுப் பேந்தப் பேந்த விழிப்பார்கள். அக்காகூட விழித்திருக்கிறாள்.

முதலாளி விழிக்கவில்லை. பார்க்கக்கூட இல்லை. அவர் விரல் நேராகச் சின்ன பட்டனுக்குப் போனது.

வந்ததே இல்லை என்றாரே...?

மளமளவென்று எல்லாம் ஞாபகம் வந்தது. இந்த வீட்டுச் சாவி ஒன்று நெட்டையிடம் இருந்தது. அவன் போன பிறகு அது கிடைக்கவே இல்லை. கடைசியாக அவன் முகத்தைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பிய அன்று, அவள் நாற்காலி வழக்கத்தைவிடத் தாழ்ந்து கிடந்தது. தன் மறதி என்று நினைத்தாள். பெருத்த உடம்பு ஒன்று அதில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது!

ஓடலாம் என்றால், வாசல் அவருக்குப் பின்னால் இருந்தது. கைப்பேசி சமையலறையில்.

"பாஸ்வேர்டு போடும்மா. அந்த வீடியோவைத் திற."

குனிந்து தட்டினாள். நெட்டை சிரித்தான். கேமரா திரும்பியது. கண்ணாடி அலமாரி...

கோடுகளுக்கு நடுவே, கண் இமைக்கும் நேரம், தெரிந்துவிட்டது! கண்ணாடியில் முதலாளி. தூசி படிந்த பழைய கார்டு ஒன்றைத் துடைத்து, புத்தம் புதுப் பெட்டியில் வைத்து, சீல் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

திரை இருண்டது.

"ஹாங் ஆயிடுச்சு" என்றார் முதலாளி. குரலில் நிம்மதி. "செத்த மாடு. கடைக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்."

விசிறி மட்டும் உள்ளே உறுமிக்கொண்டிருந்தது.

அவள் கை இன்னும் கீபோர்டில்தான் இருந்தது. அதன் ஓரத்துக் கீ ஒன்றை அழுத்தினால், திரையைப் பார்க்காமலே, இன்டர்நெட் வழியாக அக்காவுக்குப் போன் போகும். திரை அடிக்கடி இருண்டுபோகிற எரிச்சலில் அவளே செய்துவைத்த ஏற்பாடு. அக்காவுக்குப் போலீஸ் அவசர எண்ணில் வருகிற அழைப்புகளை எடுக்கிற வேலை. ஊர் அலறலை எல்லாம் கேட்டுக் கேட்டு, தான் எதற்கும் அலறாதவள்.

அழுத்தினாள்.

போனதா? தெரியாது! மணியடித்தாலும், எடுத்து ஹலோ சொன்னாலும், எல்லாம் மேஜைமேல் கிடக்கும் ஹெட்செட்டுக்குள்தான். அதன் மைக் முதலாளியைப் பார்த்துக் கிடந்தது. இனி பேச்சு கொடுக்க வேண்டும். பெட்டி பொத்தென்று அணைந்துவிடக் கூடாது. விசிறி நின்றால் அவள் கதை முடிந்தது.

"சார்... என் வீட்டுக்கு முன்னாடியே வந்திருக்கீங்களா?"

"இல்லையேம்மா."

"அப்புறம் சின்ன பட்டனை எப்படி அழுத்தினீங்க? பெரிய பட்டன் வேலை செய்யாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

முதலாளி பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மெல்ல எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

"அவனும் இப்படித்தான், தேவையில்லாத கேள்வியா கேட்டான்."

மரியாதை போய்விட்டது. தேன் வற்றிவிட்டது. ஆனாலும் அவள் கேட்டாள்.

"நெட்டை வழுக்கி விழலையா?"

"லேசாத்தான் தள்ளினேன். அவனுக்கு நிக்கத் தெரியலை."

வியாபார வாய் அல்லவா, திறந்தால் மூடாது! பழைய கார்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வேன் என்று நெட்டை மிரட்டியது, படியில் வைத்துச் சண்டை வந்தது, சாவியை உருவியது, இங்கே வந்து வீடியோவை அழிக்கப் பார்த்தது என்று எல்லாவற்றையும் சரக்கு விற்கிற லாகவத்தில் சொல்லிக்கொண்டே போனார். பாஸ்வேர்டு தெரியாமல் திணறியபோது படியில் ஆள் சத்தம் கேட்டு ஓடிப்போனாராம்.

"நீயும் மாடி வீட்டுலதான் குடியிருக்க" என்றார் கடைசியில். "பால்கனி வேற இருக்கு."

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"முதல்ல இந்தச் சனியனை மூட்டை கட்டறேன்."

பெட்டியில் செருகியிருந்த ஒயர்களில் கைக்குக் கிடைத்ததைப் பற்றி இழுத்தார். ஹெட்செட் ஒயர்!

அது பிடுங்கிக்கொண்டு வந்த அதே கணம், அதில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மேஜை ஸ்பீக்கருக்குத் தாவியது. அலட்டிக்கொள்ளாத குரல்.

"குட்டி, நான்தான். அவர் சொன்னது பூரா பதிவாயிடுச்சு. வண்டி உன் வாசல்லதான் நிக்குது. தாழ்ப்பா போட்ட சத்தம் கேட்டுது, அதனால கதவை உடைச்சுக்கிட்டுதான் வருவாங்க. நீ தள்ளி நில்லு."

கதவு இடிந்தது. தாழ்ப்பாள் தெறித்தது. காக்கிகள் புகுந்தன.

முதலாளி அப்படியே மடங்கி, பேயறைந்தவர்போல இருண்ட திரையையே வெறித்தார். கையில் விலங்கு விழுந்ததுகூட உறைக்கவில்லை.

"செத்துப்போச்சே... இது செத்துப்போச்சே..."

அவளுக்கு நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆனால் வாய் நிற்குமா?

"திரை மட்டும்தான் சார் செத்தது. உங்க கடைச் சரக்கு! நல்ல கார்டா குடுத்திருந்தீங்கன்னா, போலீசுக்குப் போன் போறது திரையில பளிச்சுன்னு தெரிஞ்சிருக்குமே!"