நாலாம் மாடி அலை

சூரியன் கடலைவிட்டு ஒரு சாண் மேலே வந்ததும் வாத்தியார் கூவினார். ஓடைமுனைக்குப்பத்தில் அந்தச் சத்தத்துக்குத்தான் அடுப்புப் பற்றவைப்பார்கள், பல் துலக்குவார்கள், முந்தைய நாள் விட்ட சண்டையை மறுபடி தொடங்குவார்கள்.

வாத்தியார் என்பது கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி மிதக்கும் ஒரு மஞ்சள் டப்பா. அரசு வைத்த பெயர் அலையேற்றப் பதிவு மிதவை. தினமும் குப்பத்து ஆள் ஒருவர் அலைப்பலகையில் வந்து அதைத் தாண்ட வேண்டும். மணிக்கட்டுக்குள் பதித்திருக்கும் அடையாளச் சில்லை அது படித்துவிட்டு, பெயரைச் சொல்லி, ‘வருகை ஏற்கப்பட்டது’ என்று அறிவிக்கும். படுத்தபடி வந்தால் செல்லாது. மண்டி போட்டு வந்தாலும் செல்லாது. எழுந்து நின்று தாண்ட வேண்டும். பொழுது சாய்ந்ததும் டப்பா வாயை மூடிக்கொள்ளும்.

இன்றைக்குப் பாளையத்தின் முறை. ஐம்பத்தெட்டு வயது. இந்தக் கரையில் அவரளவுக்கு அலைமேல் நின்றவர் கிடையாது. கொட்டகை வாசலில் உட்கார்ந்து, பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை.

“மாமா, வாத்தியார் கூப்ட்டு அர மணி நேரம் ஆவுது. போய்த் தாண்டிட்டு வந்து மெழுகு தேச்சுக்கக் கூடாதா?” என்றாள் தேசராணி.

“அதுல இன்னா கீது? இடுப்பளவு அலை. பல் முளைக்காத புள்ளகூடத் தாண்டும்.” மெழுகுக் கட்டியால் தெற்கே காட்டினார். “மத்தியானம் கள்ளக்கடல் வருது, வக்கீலம்மா, காத்தே இல்லாம எழும்புற பெரிய அலை. அலைக் கணிப்பி சொல்லிச்சில்ல? பூமிக்கு அடியில, பனிக்கட்டி கிட்ட பொறந்து, பத்து நாளா நடந்து வருது. அவ்ளோ தூரம் நடந்து வந்தவன வான்னு கூப்பிட ஒரு ஆள் வாணாமா?”

“கூப்பிடு. ஆனா முதல்ல கையெழுத்துப் போட்டுட்டுக் கூப்பிடு.”

“ஒரு நாளைக்கு ஒரு அலைடி எனக்கு. ஆஸ்பத்திரிக்காரன் சொல்லிட்டான். அத இதுல வீணாக்க மாட்டேன்.”

அவள் பல்லைக் கடித்தாள். இருபத்தாறு வயது, இந்தக் குப்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள், யாரிடமும் குரலை இறக்கிப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் பாளையத்திடம் எவர் பேச்சும் எடுபடாது. போய்விட்டாள்.

பத்தரை மணிக்கு அந்த மெழுகுக் கட்டி மணலில் உருண்டது. அவரும் அதன் பக்கத்திலேயே சாய்ந்தார். ஓடிவந்து தூக்கியவர்கள் நெஞ்சை அமுக்கினார்கள், ஊதினார்கள். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. எடுக்காத அந்த ஒரு அலை அப்படியே மிச்சம் இருந்தது.

மிச்சம் இருந்தது அவருடைய அலை மட்டும் இல்லை. குப்பத்தின் ஏழு வருடமும் அதில்தான் தொங்கியது.

நிலம் கடலுக்குள் போனாலும் பத்திரம் கடலுக்குள் போவதில்லை. நீர்மூழ்கு நிலச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடல் ஏறி, கரை சரிந்து, நூறு வருடத்துக்குமேல் ஆகிறது. ஆனாலும் அடியில் நிற்கும் நாலு மாடிக் கட்டடத்தின் வாரிசுகள் மலை நகரங்களில் உட்கார்ந்துகொண்டு, அதன் மேலே இருக்கும் தண்ணீரும் எங்களுடையது என்றார்கள். அந்த மொட்டைமாடியில் மோதித்தான் அலை எழும்புகிறது. உலகத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் அந்த நாலாம் மாடி அலையைத் தேடி வருகிறார்கள். வடக்கே மூன்று குப்பங்களில் கடலுக்கு வேலி போட்டாகிவிட்டது. அங்கே பிறந்தவன்கூட டிக்கெட் எடுத்தால்தான் அலையில் ஏறலாம்.

தேசராணி சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் அந்தச் சட்டத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தாள். மூழ்கிய நிலத்தின் மேலுள்ள நீரை ஒரு சமூகம் ஒரு நாள்கூட விடாமல் ஏழு ஆண்டு பயன்படுத்தினால், நீர் அந்தச் சமூகத்துக்கே சேரும். எழுதியவர்கள் யாராலும் முடியாது என்று நினைத்து எழுதியிருக்க வேண்டும். புயலிலும் காய்ச்சலிலும் கல்யாணத்திலும் குப்பம் முறை வைத்து அலையேறியது. அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா அந்தக் கட்டடத்தில் காவலாளி. லிஃப்டில் ஏற விடமாட்டார்களாம். அதன் மொட்டைமாடிக்கு மேலே நின்றுகொண்டு போகும்போதெல்லாம் அவளுக்கு உள்ளங்காலில் ஒரு சூடு ஏறும். ஏழு ஆண்டு முடிய இன்னும் பதினெட்டு நாள்.

இதில் ஒரே ஒரு சிக்கல் சாவுதான். குப்பத்தில் சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை தூக்கிப் போகிறவர்களைத் தவிர யாரும் கடலில் கால் வைக்கக் கூடாது. சட்டத்துக்கு முன்னால், கட்டடத்துக்கும் முன்னால் இருக்கும் வழக்கம் அது. சாவு நாளை மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று அவள் மனு எழுதினாள். ‘கடலுக்கு விடுமுறை இல்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதனால் அவளே ஒரு விதி எழுதினாள்: யார் செத்தாலும் பொழுது சாய்வதற்குள் அடக்கம், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதில்லை, அடக்கம் முடிந்ததும் ஒருவர் அலையேறிவிட வேண்டும். பதினாறு பேரை அப்படி எடுத்தார்கள். புருஷன் செத்த அன்று, பாலைவனத்து வேலையிலிருந்து மகன் வந்துகொண்டிருக்கிறான், ஒரே ஒரு ராத்திரி பொறுங்கள் என்று அஞ்சுகம் மணலில் புரண்டபோது, மணி பார்த்துக்கொண்டு நின்றவள் தேசராணிதான்.

இப்போது பாளையம். மனைவி செத்து வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் வேதவல்லி மலை நகரத்தில் நர்ஸ். தேசராணியோடு ஒரே பலகையில் நீச்சல் பழகியவள். மலையிறங்கி வந்து சேர விடிந்துவிடும்.

“பாளையத்துக்குக் காத்துக்கினு இருப்போம்மா,” என்றார் நாட்டார் தணிகாசலம். குப்பத்துப் பஞ்சாயத்தின் தலைவர். கண் சிவந்திருந்தது. “பொண்ணு வந்து மூஞ்சி பாக்கட்டும். போனா ஏழு வருஷம் போவுது. மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுவோம்.”

“அஞ்சுகம் மவன் பாக்கலயே நாட்டாரே.”

“அஞ்சுகம் புருஷனும் பாளையமும் ஒண்ணா?”

“செத்தா ஒண்ணுதான்.” சொல்லிவிட்டாள். சொன்னபிறகு நாக்கு கசந்தது. கூட்டத்தில் அஞ்சுகம் நின்றிருந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

தேசராணி கொட்டகைக்குப் பின்னால் போய் வேதவல்லியை அழைத்தாள். பேருந்துச் சத்தம் கேட்டது, கிளம்பிவிட்டிருந்தாள்.

“எப்ப எடுக்கறீங்க?” என்றாள் வேதவல்லி. எடுப்பீர்களா என்று கேட்கவில்லை.

“வேதா, நாட்டார் நிறுத்தலாம்னு சொல்றாரு. நீ வாணாம்னா…”

“எங்கிட்டத் தள்ளாதடி. விதி எழுதும்போது எங்கிட்டயா கேட்ட?”

பேருந்து ஒரு வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.

“காலைல ஏன் அவரு தாண்டல?”

“கள்ளக்கடலுக்காகக் குந்திக்கினு இருந்தாரு.”

மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். “கெழவன் திருந்தவே மாட்டான்.” பிறகு, “யாரு கொண்டு போறது?”

“நான்.”

“நீயே கொண்டு போ. வேற எவன் கையும் படக் கூடாது.” இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மூன்று மணிக்குக் கள்ளக்கடல் வந்தது. காற்று இல்லை, மேகம் இல்லை. வானம் கழுவிக் கவிழ்த்ததுபோல் இருந்தது. அந்த வானத்தின் கீழே கடல் வரிசை வரிசையாக எழுந்து வந்தது. குப்பத்தில் நாய்கூடக் குரைக்கவில்லை.

இடுகாடும் கடலுக்குள்தான் இருக்கிறது, வாத்தியாருக்கும் கரைக்கும் நடுவில். கட்டடம் கட்டும்போதே அதில் பாதியை வளைத்துப் போட்டார்கள். மீதியைக் கடல் எடுத்துக்கொண்டது. இருந்தாலும் குப்பம் தன் ஆட்களை அங்கேதான் இறக்குகிறது. மற்ற நாளில் கரையிலிருந்து படகு போகும். இன்று போன படகை நுரை இரண்டு தடவை கவிழ்த்துத் திருப்பி அனுப்பிவிட்டது. உள்ளே போக ஒரே வழிதான். ஓடை வாய் வழியாக வெளிக்கடலுக்குப் போய், அங்கிருந்து அலையோடு வரவேண்டும்.

“பொம்பள இடுகாட்டுக்குப் போற வழக்கம் இல்லியே,” என்று யாரோ முனகினார்கள்.

“இடுகாடே கடலுக்குள்ள போயிடுச்சு. இன்னும் கேட்ல நின்னுக்கினு ஆம்பளயா பொம்பளயான்னு பாப்பீங்களா?” என்றாள் தேசராணி.

வேதவல்லி சொன்னதைக் கேட்டபிறகு, நாட்டாரே படகு ஓட்டினார். பன்னிரண்டு அடிப் பலகையில், பழைய வலையில் சுற்றி, ஈயக்குண்டுகள் கோத்து, பாளையத்தை முன்பக்கம் படுக்கவைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு முடிச்சை இழுத்தால் போதும், கட்டு மொத்தமும் அவிழ்ந்துவிடும். வெளிக்கடலில் நாட்டார் பலகையை இறக்கினார். “தாயி, பாத்து,” என்றார். அதுவரை அவர் அவளைத் தாயி என்று கூப்பிட்டதில்லை.

முதல் அலையையும் இரண்டாவதையும் விட்டாள். மூன்றாவது வந்தபோது அடிவானமே பக்கத்தில் வந்ததுபோல் இருந்தது. கையாலேயே துடுப்புப் போட்டாள். பலகையின் வால் எழும்பியது. எழுந்தது. இன்னும் எழுந்துகொண்டே இருந்தது. நின்றாள்.

எதிரே தண்ணீர் வற்றியது.

அத்தனை பெரிய அலை, எழுவதற்காகத் தன் முன்னால் இருந்த நீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. உயிரோடு இருக்கும் யாரும் பார்த்திராத அந்த மொட்டைமாடி, கடலைவிட்டு வெளியே வந்தது. தண்ணீர்த் தொட்டி. துணி காயப்போடும் இரும்புக் கம்பங்கள், சிப்பி அப்பிப்போய். படிக்கட்டின் கதவு, பாதி திறந்தபடி. அதன் மேல் வெயில் பட்டது. நூறு வருடத்தில் முதல் முறையாக அந்தத் தளம் காய்ந்துவிடுமோ என்று தோன்றிய ஒரு நொடி.

அலையின் சுவர் அவளுக்கு வலப்பக்கம் பச்சைக் கண்ணாடியாக நின்றது. ஊடுருவிய வெளிச்சத்தில் மணல் துகள்கூடத் தெரிந்தது. உலகத்தின் அடியில் மனிதன் வாழாத இடத்தில் அடித்த ஒரு புயல், எவர் பத்திரத்தையும் பார்க்காமல், எந்த வேலியையும் கேட்காமல், இந்தக் கூரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஏழு வருடமாக இதை வாங்கித்தரத்தான் அவள் பாடுபட்டாள். இதையா? யார் பெயருக்கு எழுதுவது இதை? அவளுக்கு நெஞ்சில் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாயைப் பிளந்து நின்றாள், அவ்வளவுதான். காலடியில் பாளையம் முகம் மூடிக் கிடந்தார். அவர் கேட்ட அலை.

அலை கூரையைத் தாண்டி உடைந்தது. நுரைக்குள் மூழ்கி, வெளியே வந்து, நின்றபடியே வாத்தியாரைத் தாண்டினாள்.

“தேசராணி. வருகை ஏற்கப்பட்டது,” என்றது டப்பா. ஒரு மூச்சு விட்டது. “பாளையம். நிற்கவில்லை. ஏற்கப்படவில்லை.”

போன கோபம் அத்தனையும் திரும்பி வந்தது. “டேய்! அந்தாளு நின்னப்பல்லாம் நீ பொறக்கவே இல்லடா!” என்று கத்தினாள். “நிக்கலயாமே! நிக்கலயாமே!” டப்பா அசைந்துகொண்டிருந்தது.

இடுகாட்டின் மேலே நுரை வெள்ளைத் துணியாக விரிந்து அடங்கியது. முடிச்சை இழுத்தாள். பலகை சட்டென்று லேசானது. கரையில் ஒப்பாரி இல்லை. அத்தனை பேரும் கைகூப்பி நின்றார்கள், அவருக்கா அலைக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி.

மறுநாள் விடியலில் வேதவல்லி வந்தாள். பையைக் கொட்டகையில் போட்டாள். முகம் வீங்கியிருந்தது. தேசராணி எழுந்து கிட்டே போனாள்; கையைப் பிடிக்கலாமா என்று தெரியவில்லை.

“இன்னிக்கு யாரு முறை?”

“வேதா, மொதல்ல ஒரு வாய் டீ…”

“முறை யாருதுன்னு கேட்டேன்.”

“உன்னுதுன்னு எழுதிக்கறேன்.”

கள்ளக்கடல் வடிந்து, அலை இடுப்பளவுக்கு வந்திருந்தது. தண்ணீர் சேறாகக் கலங்கிக் கிடந்தது. உள்ளே கை விட்டால் கை தெரியாது. வேதவல்லி உடுத்தி வந்த துணியோடு போனாள். மூன்று வருடமாகப் பலகை தொடாதவள். முதல் அலையில் விழுந்தாள். இரண்டாவதில் எழுந்து நின்றாள். நின்றபடியே வாத்தியாரைத் தாண்டினாள்.

“வேதவல்லி. வருகை ஏற்கப்பட்டது.”

தாண்டியதும் பலகைமேல் குப்புறப் படுத்தாள். அலை அவளை இடுகாட்டின் மேலே கொண்டுவந்து விட்டது. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கலங்கிய தண்ணீருக்குள் முகத்தைப் புதைத்துக் கீழே பார்த்தாள். மூச்சு முட்டியதும் தலையைத் தூக்கினாள். மறுபடி புதைத்தாள்.

கரையில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தேசராணி ஈர மணலில் நின்றாள். ஒவ்வொரு தடவை அந்தத் தலை வெளியே வரும்போதும்தான் அவளும் மூச்சு விட்டாள்.