ஒரு நிமிடம் பேசாமல்

“ஏங்க... அந்த எஞ்சினைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?”

அவன் காதில் விழவில்லை. விழாதது போல நடித்தானோ, யார் கண்டது? தண்ணீர் நிரப்பிய பீப்பாவுக்குள் பழுதுபார்த்த படகு எஞ்சினை இறக்கி ஓடவிட்டு, அது உறுமுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜெயகௌரிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரின் கடற்கரைக்கு அவள் வருவது இது மூன்றாவது தடவை. போர் முடிந்து மீள்குடியேறியவர்களைப் பற்றி ஒரு தொண்டு நிறுவனம் கேட்ட வீடியோ. கமராவும் அவள்தான், மைக்கும் அவள்தான், கேள்வி கேட்பதும் அவள்தான். கருவாடு போடும் திரேசம்மா மனம் விட்டுத்தான் பேசினாள். ஆனால் இரண்டு தடவையும் வீட்டுக்குப் போய்க் கேட்டால், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றின் பொரபொரப்பு மட்டும்தான் இருந்தது...

இந்தத் தடவையும் சரிவராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பிறகு திருச்சிதான். அங்கே, இருவரும் வளர்ந்த அகதி முகாமிலேயே தங்கிவிட்ட அக்கா, ‘மன்னார்ல உனக்கு யாருடி இருக்கா? அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடு’ என்று ஞாயிறு தவறாமல் போனில் நச்சரிக்கிறாள். அவளுக்குச் சொல்ல ஜெயகௌரியிடம் ஒரு காரணமும் இல்லை.

கிட்டப் போய்க் கையை ஆட்டினாள். எஞ்சின் நின்றது. எண்ணெய் அப்பிய முகத்தில் கண்கள் இரண்டும் சிரித்தன. பொல்லாத கண்கள்!

“என்ன மிஸ், இந்தியாவில எஞ்சினே இல்லையோ?”

“அங்க இருந்தப்போ சிலோன்காரின்னாங்க. இங்க வந்தா இந்தியாக்காரி. நான் எங்கதாங்க போறது?”

கேட்டுவிட்டாள். குரலும் உடைந்துவிட்டது. அவன் கண்களில் இருந்த சிரிப்பு சட்டென்று காணாமல் போனது.

“டேய் றெனால்ட், வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரடா!” மீன் பரப்பிய பாயில் இருந்தபடியே திரேசம்மா அதட்டினாள். “பாவம், அந்தப் பிள்ளை எத்தினை தரம் வந்து அலையுது!”

கரையில் ஏற்றியிருந்த வள்ளத்தின் மறைவில், காற்றுப் படாத பக்கமாகத் திரேசம்மாவை இருத்தினாள் ஜெயகௌரி. கம்பின் நுனியில் மைக்கைப் பூட்டி, அதற்குப் புசுபுசுவென்ற உறையைப் போட்டாள்.

“இதென்ன பிள்ளை, பூனைக்குட்டியோ?”

“காத்துக்குப் போர்வைம்மா!”

“தாங்கோ, நான் பிடிக்கிறன்” என்று றெனால்ட் வந்து நின்றான். கம்பு கை மாறும்போது விரல்கள் பட்டன. அவனுடைய எண்ணெய் அவள் விரலிலும் ஒட்டிக்கொண்டது. துடைக்கவேண்டும் என்று ஏனோ தோன்றவில்லை...

திரேசம்மா பேசி முடித்தாள். ஹெட்போனில் அவள் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது. அப்பாடா! இனிப் பேச்சுக்கு அடியில் போட, கரையின் சத்தம் மட்டும் தனியாக வேண்டும்.

“ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க. அசையாம இருங்க, ப்ளீஸ்.”

திரேசம்மா எழும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள். றெனால்ட் ஒரு கையில் கம்பைப் பிடித்தபடி, மறு கையால் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்தான். இருவரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள்.

ஐயோ, அஞ்சலி என்று நினைத்துவிட்டார்கள்! அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்தாள். அந்த நேரம் பார்த்தா அவன் கண்ணைத் திறக்கவேண்டும்?

நிமிடம் முடிந்தது. “ஆருக்கு, பிள்ளை?” என்று மெதுவாகக் கேட்டாள் திரேசம்மா.

“யாருக்கும் இல்லம்மா... அலைச் சத்தத்தைப் பதியத்தான்.”

திரேசம்மா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. கம்பை ஜெயகௌரியின் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

“அவன்ர தமையன் கடைசிச் சண்டையில செத்தவன், பிள்ளை. பேசாம நில்லுங்கோ எண்டா எங்களுக்கு அதுதான் தெரியும்.”

பஸ் வரும்வரை அவள் தன்னையே திட்டித் தீர்த்தாள். நிறுவனத்தில் வீடியோவை ஏற்றுக்கொண்டார்கள். சத்தம் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டி, அடுத்த வேலையும் தந்தார்கள். ஆனாலும் மனம் சந்தோசப்பட மறுத்தது. கண்ணை மூடினால், தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி அவன்தான் நின்றான்.

மறு வாரம் வெறுங்கையோடு வந்தாள்.

“கமரா எங்க மிஸ்?” அவன் நிமிரவே இல்லை.

“இன்னைக்குப் பதிய வரல. அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு... மன்னிச்சுடுங்க.”

“நான் கோவிச்சது அதுக்கில்லை.”

“பின்ன?”

அவன் கைத்துணியைப் போட்டு முறுக்கினான். காற்று இருவருக்கும் நடுவில் மணலை வாரி இறைத்தது.

“அப்பிடிக் கண்ணை மூடி நிண்டா அண்ணன்ர முகம் வரும். எப்பவும் வரும். அண்டைக்கு வரேல்ல...” அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “உங்கட முகம்தான் வந்தது. அண்ணனுக்கெண்டு நிக்கிற நேரத்தில, கௌரி! எனக்கு என்னிலயே கோவம். அண்டையில இருந்து கண்ணை மூடினாலும் நீங்கள், திறந்தாலும் நீங்கள். நான் என்ன செய்யிறது?”

இவ்வளவு நாள் அலைச்சலும் சேர்ந்து அவள் கண்ணில் நீராக நின்றது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

“உங்க அண்ணன் முகத்தை நான் பார்த்ததில்லையே... அவரைப் பத்திச் சொல்லுங்க.”

“சொல்லி முடிக்கக் கனநாள் எடுக்கும்.”

“எடுக்கட்டும். அக்கா கூப்பிட்டாலும் நான் திருச்சிக்குப் போகல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... போக முடியல.”

அவன் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து, துணியால் துடைத்து, அவளுக்கு இருக்கப் போட்டான்.

“கிறகரி எண்டு பேர்” என்று தொடங்கினான். “என்னைவிட நல்ல உயரம்...”