கோபத்துக்கு ஒரு பூவன்பழம்

அன்று ஐந்தாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள்: ஸ்ரீரங்கத்து ஜாஹ்னவி; அவளுடைய பெரியப்பா, மரியாதைக்குரிய சௌரிராஜன்; ஜாஹ்னவியின் தோழி, தென்னூர் ஆரிஃபா; ஆரிஃபாவின் அத்தா, பழ வியாபாரி அப்துல் மாலிக்; லூர்துராணி டீச்சர்; கதவோரம் வாட்ச்மேன் ரத்தினவேல். மேசைமேல் ஒரு சீப்புப் பூவன்பழம், டீச்சருக்காக மாலிக் கொண்டுவந்தது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பள்ளியில் கண்காட்சி. வீட்டில் சொல்லும் பொன்மொழி ஒன்றை எழுதிவரச் சொன்னார்கள். ஜாஹ்னவியும் ஆரிஃபாவும் ஒரே பொன்மொழியைக் கொண்டுவந்தார்கள்! இருவரும் சிரித்துவிட்டு, ஒரு வாரம் சேர்ந்து வண்ணம் தீட்டி, ஒரே பலகையாகச் செய்தார்கள்.

'கோபம் வந்தால் முதலில் சாப்பிடு. அப்புறமும் இருந்தால் பேசு.'

அடியில் 'சொன்னவர்' என்ற இடம் மட்டும் காலி. பெரியவர்களைக் கேட்டு எழுதலாம் என்று விட்டிருந்தார்கள். அங்கேதான் வந்தது வினை.

"இது எங்க தாத்தா சொன்னது! எங்காத்துல நாலு தலைமுறையா சொல்றோம்" என்றார் சௌரிராஜன், முதுகை இன்னும் நிமிர்த்தி.

"அப்படிங்களா சாமி? எங்க பாட்டனார் முசிறியில வாழைத்தார் வெட்டும்போதே சொன்னதுங்க இது" என்றார் மாலிக்.

"அவர் எங்க தாத்தாகிட்ட கேட்டிருப்பார்!"

"ஏங்க, உங்க தாத்தா எங்ககிட்ட பழம் வாங்கும்போது கேட்டிருக்கக் கூடாதா?"

குரல்கள் கூரையைத் தொட்டன. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரும் வர்ற நேரமாச்சு. நீங்க ஒத்துக்கலைன்னா பலகையை மாட்ட முடியாதுங்க."

ஆரிஃபாவின் கண்கள் கலங்கின. பெஞ்சில் ஜாஹ்னவியை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

அப்போது 'கடமுட' என்று ஒரு சத்தம். பெரியப்பாவின் வயிறு!

"பெரியப்பா, கார்த்தால ஏதாவது சாப்டேளா?"

"இல்லை. கோயில்லேருந்து நேரா வரேன். அதுக்கென்ன இப்போ?"

"மாமா, நீங்க?"

"விடியறதுக்கு முன்னாடி மார்க்கெட்டுக்குப் போனவன்மா. டீகூடக் குடிக்கல."

"அப்போ ரெண்டு பேருமே தாத்தா சொன்ன பேச்சைக் கேக்கலையே!"

ரத்தினவேல் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பெரியப்பா வெளியில் தண்ணீர்கூடத் தொடமாட்டார். ஆனால் பழத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அது ஜாஹ்னவிக்குத் தெரியும். டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார். ஆளுக்கு ஒரு பழம் நீட்டினாள்.

உரித்தார்கள். தின்றார்கள். சௌரிராஜனின் புருவம் மெல்ல இறங்கியது.

"பழம் நன்னா இருக்கே!"

"நம்ம முசிறிப் பழம் சாமி. இன்னொண்ணு எடுங்க."

"சரி, யார் பேரை எழுத?" என்றார் டீச்சர்.

"டீச்சர்..." ரத்தினவேல் தலையைச் சொறிந்தார். "இது எங்க அம்மா சொல்றதுங்களே!"

இரண்டு தலைகள் சட்டென்று அவர் பக்கம் திரும்பின. அதற்குள் ஆரிஃபா ஓடிப்போய் அவர் கையில் ஒரு பழத்தை வைத்தாள். "முதல்ல சாப்பிடுங்கண்ணா!"

பிறகு தோழிகள் இருவரும் ஒட்டி உட்கார்ந்து எழுதினார்கள்: 'சொன்னவர்: பசியோடு இருந்த யாரோ.' பலகை சுவரில் ஏறியது.

அன்று சௌரிராஜன் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று தென்னூர்ப் பக்கம் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொரு பழம் கேட்டார், அவ்வளவுதான்.