உட்கார்ந்தே தூங்கிய கருப்பட்டி

ஆனையூர் கண்ணுச்சாமி மாட்டுத் தரகர். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைத் தடவினாரென்றால் மாட்டின் சாதகத்தையே சொல்லிவிடுவார். வீட்டு நாய் கருப்பட்டி நான்கு நாளாகச் சோற்றைத் தொடாதபோதும் அதையேதான் செய்தார்.

"பல்லு பூராம் இருக்கு. சுழியும் சுத்தம். இதுக்கு ஒண்ணுமில்ல."

"நாய்க்கு எதுப்பா சுழி?" என்றாள் மகள் தங்கப்பொண்ணு. பத்து வயதுக்காரி. கண் கலங்கியிருந்தது.

சரியென்று சைக்கிளில் கூடை கட்டி, மகளையும் ஏற்றிக்கொண்டு, நாயைக் கே.கே. நகர் மாட்டு டாக்டர் உக்கிரபாண்டியிடம் கொண்டுபோனார். டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"அடேயப்பா! வெள்ளை அணு இம்புட்டு இருக்கக் கூடாதே. எங்கயோ சீழ் வச்சிருக்கு."

ஐந்து நாள் ஊசி போட்டார். ஆறாம் நாள் பார்த்தால் அணுக்கள் குறையவேயில்லை.

"எனக்குப் பிடிபடல கண்ணுச்சாமி. இனி ஆண்டவன் விட்ட வழி."

கண்ணுச்சாமி சைக்கிளைத் திருப்பினார். தங்கப்பொண்ணு நகரவில்லை.

"டாக்டரய்யா, கருப்பட்டி படுக்கவே மாட்டேங்குது. படுத்தா மூச்சு முட்டி எந்திரிச்சிருது. படியில தாடைய வச்சு உக்காந்துதான் தூங்குது."

"எம்புட்டு நாளா?"

"பதினஞ்சு நாளா."

"இத ஏம்மா முதல்லயே சொல்லல?"

"நீங்க அப்பாட்டதான கேட்டீங்க?"

கண்ணுச்சாமி சைக்கிளை மறுபடி ஸ்டாண்டு போட்டார்.

அடுத்த தெருவில் மனிதர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கும் இடம் இருந்தது. "நாய்க்கா?" என்று முறைத்த எக்ஸ்ரேக்காரர், தங்கப்பொண்ணின் முகத்தைப் பார்த்ததும் எடுத்துக் கொடுத்தார். படத்தில், நெஞ்சுக்குள் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி.

"இதுதான் மூச்ச அமுக்குது. இந்த மாதிரிக் கட்டி சிலது வெள்ளை அணுவையும் ஏத்திவிட்டுரும். நான் இல்லாத சீழைத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "கட்டி சுருங்கும் தாயி. முழுசாப் போயிரும்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

தங்கப்பொண்ணு தினமும் மாத்திரையைக் கருவாட்டுக்குள் ஒளித்துக் கொடுத்தாள். ஒருநாள் கருப்பட்டி மாத்திரையை மட்டும் துப்பியது. மறுநாள் அவள் இரண்டு கருவாடு வைத்தாள்; இரண்டாவதைப் பிடிக்கும் அவசரத்தில் மாத்திரையும் உள்ளே போனது.

மூன்றாம் வாரம், மேலூர்ச் சந்தைக்குக் கிளம்பிய கண்ணுச்சாமிக்கு வாசலில் வழியில்லை. கருப்பட்டி நாலு காலையும் நீட்டி, ஒருக்களித்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"எழுப்பாதீங்கப்பா!"

வேட்டியைத் தூக்கிப் பிடித்து, சத்தமில்லாமல் தாண்டிப் போனார்.

அன்று சந்தையில் அவர் எடுத்த எடுப்பில் மாட்டின் பல்லைப் பிடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்து நின்ற மாட்டுக்காரர் மகளிடம் குனிந்து, "ஏத்தா, இது ராத்திரி நல்லாப் படுக்குதா?" என்று கேட்டார்.